ஆசிரியர் பக்கம்: பாக்கி இல்லாத சோறு



இது நம் பெருநாள் சிறப்பிதழ். வழக்கமாக இந்தப் பக்கத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாழ்த்தோடு முடித்துக்கொள்வேன். இந்த முறை ஒரு கடிதம் அப்படி விடவில்லை. கோவை வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மளிகை சாமான் பிரித்து வைக்கும்போது சர்க்கரைப் பாக்கெட்டின் பின்புறத்தில் வட்டத்துக்குள் அரபு எழுத்தோடு ஒரு முத்திரையைப் பார்த்தாராம். ‘ஹலால் என்றால் கறி அறுக்கும் முறை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சர்க்கரையில் அறுப்பதற்கு என்ன இருக்கிறது? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்’ என்று முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரிக்காக அவருக்கு என் நன்றி. இந்தச் சொல்லை இப்போது கோபமில்லாமல் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். தெரிந்துகொள்ளக் கேட்டவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதுதான் பத்திரிகையின் வேலை.

முதலில் சர்க்கரை. பழுப்பாக வரும் சர்க்கரையை வெள்ளையாக்க, சில நாட்டு ஆலைகளில் மாட்டெலும்பைச் சுட்டெடுத்த கரியை வடிகட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். எல்லா ஆலையிலும் இது கிடையாது. ஆனால் பாக்கெட்டைக் கையில் எடுப்பவருக்கு எந்த ஆலை என்று தெரியாது. மாத்திரையின் வழுவழுப்பான உறை பெரும்பாலும் ஜெலட்டின். மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கும் ரென்னட் பழைய முறைப்படி கன்றின் இரைப்பையிலிருந்து வருவது. பிஸ்கட்டிலும் ஐஸ்கிரீமிலும் ‘471’ என்ற எண்ணோடு போடும் பொருளைத் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். அந்த எலும்பும் கொழுப்பும் யாருடையவை என்ற கேள்வி முஸ்லிமுக்கு மட்டும் உரியதல்ல. சுத்த சைவம் சாப்பிடுகிறவர் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி தேடுவதும் இதே கேள்வியால்தான்.

இனி கறி. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் உணவைப் பற்றிய ஒரு கட்டளை வருகிறது. அது நம்பிக்கையாளர்களை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டதன்று. மனிதர்கள் எல்லாரையும் விளித்துச் சொல்லப்பட்டது. பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் நல்லதையும் உண்ணச் சொல்கிறது. அடுத்த சில வசனங்களில் விலக்கப்பட்டவை நான்கு வருகின்றன: தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, இறைவன் அல்லாத வேறு பெயரில் அறுக்கப்பட்டது. மதுவின் விலக்கு வேறோர் இடத்தில் வருகிறது. அந்த நான்கைச் சொன்ன வாக்கியம் முடிவதற்குள்ளேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. வேறு வழியில்லாமல், ஆசையால் அல்லாமல், உயிர் பிழைக்கும் அளவுக்கு உண்டவர்மேல் குற்றமில்லை. பசிக்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது அந்தச் சட்டம்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இன்னொன்றும் உண்டு. அனுமதித்த பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் இல்லாதது எல்லாம் விலக்கு என்று நினைக்கிறோம். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வகுத்தது அதற்கு நேர் எதிர். உலகத்துப் பொருள்கள் எல்லாம் தொடக்கத்திலேயே ஆகுமானவை; கூடாது என்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். ஹலால் என்பதை நம் பக்கத்து ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், ‘ஆகுமானது’ என்று சொல்லும் அந்த அழகான தமிழ்ச் சொல்லையே நானும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அறுக்கும் முறையை மதரஸாவில் ஓதியவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆடு உயிரோடும் நோயில்லாமலும் இருக்க வேண்டும். கத்தி ஒரே இழுப்பில் அறுக்கும் கூர்மையோடு இருக்க வேண்டும். ஆட்டின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது. ஓர் ஆடு பார்த்துக்கொண்டிருக்க இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது. இறைவன் பெயரைச் சொல்லி, மூச்சுக் குழலும் உணவுக் குழலும் கழுத்தின் இரு பக்கத்து இரத்தக் குழாய்களும் அறுபடும்படி இழுக்க வேண்டும். தலையைத் துண்டாக்காமல் நிறுத்த வேண்டும். துடிப்பு அடங்கி இரத்தம் வடியும் வரை தோலில் கை வைக்கக் கூடாது. மீனுக்கு இந்த விதி ஏதும் இல்லை.

எங்கள் ஊரில் கறிக்கடை வைத்திருந்தவர் முஸ்லிம் அல்லர். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பள்ளிவாசல் மோதினார் வந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அதற்குக் கூலி உண்டு. சில சமயம் ஆட்டுத் தலையோ ஈரலோ வாழை இலையில் மடித்துச் சேர்த்துக் கொடுப்பார்கள். கடைக்காரருக்கு எல்லார் வீட்டுக்கும் கறி விற்க வேண்டும், மோதினாருக்கு ஐந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும். யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்டதில்லை. மோதினாரின் முகமே சான்றிதழாக இருந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இன்றும் இப்படித்தான் நடக்கிறது.

முகம் தெரியாத தொழிற்சாலை வந்தபோதுதான் முத்திரை வந்தது. மலேசியாவில் 1974-இல் பிரதமர் துறையைச் சேர்ந்த இஸ்லாமிய விவகாரப் பிரிவு ஹலால் ஒப்புதலை எழுத்தில் தரத் தொடங்கியது. சிங்கப்பூரின் இஸ்லாமிய மன்றமான முயிஸ் இதே பணியை 1978-இல் தொடங்கியது. இந்தோனேசியாவில் 1988-இல் பன்றிக் கொழுப்புப் பீதி ஒன்று கிளம்பிச் சந்தையையே ஆட்டியது. அடுத்த ஆண்டே உலமா மன்றம் தனக்கென ஓர் ஆய்வு அமைப்பை நிறுவியது. 1997-இல் உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் இந்தச் சொல்லை எப்போது அச்சிடலாம் என்பதற்கு வழிகாட்டி வெளியிட்டது. பாலைவனத்து மேய்ப்பரின் சொல் ஐ.நா. அமைப்புகளின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்த கதை இது.

கேள்வி எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இந்தோனேசியாவின் 2001 ஜனவரி ஓர் எடுத்துக்காட்டு. அங்கே வீட்டுக்கு வீடு புழங்கும் அஜினோமோட்டோவை உலமா மன்றம் ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்று அறிவித்தது. உப்பு மாதிரி இருக்கும் அந்தப் பொடியில் பன்றி இல்லை. அதைச் செய்ய ஒரு நுண்ணுயிரியை வளர்க்கிறார்கள். அந்த நுண்ணுயிரிக்கு ஓர் ஊட்டக் கரைசல். அந்தக் கரைசலைத் தயாரிக்கும் கட்டத்தில் பன்றியின் நொதி ஒன்று பயன்பட்டிருந்தது. அவ்வளவுதான். கடைகளிலிருந்து சரக்கு முழுவதையும் திரும்பப் பெற்றது நிறுவனம். அப்போது அதிபராக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித் தானே பெரிய மார்க்க அறிஞர். கடைசிப் பொருளில் பன்றி இல்லாதபோது அது ஆகுமானதே என்று அவர் சொன்னார். உலமா மன்றம் ஒப்பவில்லை. இரு பக்கமும் படித்தவர்கள். இரு பக்கத்துக்கும் நூலாதாரம் இருந்தது. மது புளித்துக் காடியாக மாறிவிட்டால் அந்தக் காடி ஆகுமானது என்று பழைய நூல்களே சொல்கின்றன. மாறியது எப்போது மாறியதாகும் என்பதில்தான் வாதம். மார்க்கச் சட்டத்துக்குள் இப்படி மாறுபட்டுப் பேச இடமிருக்கிறது என்பதை வெளியே இருக்கும் நாம் அறிய வேண்டும்.

முத்திரையைக் கேட்டு மட்டுமல்ல, எதிர்த்தும் ஊர் கூடியது. இலங்கையில் பொது பல சேனா என்ற பௌத்த அமைப்பு 2013 பிப்ரவரியில் மகரகமையில் பெருங்கூட்டம் கூட்டி ஹலால் முத்திரையை எடுக்கச் சொன்னது. மார்ச்சிலேயே அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா, நாட்டின் அமைதியை எண்ணி, உள்நாட்டுப் பொருள்களிலிருந்து முத்திரையை விலக்க இசைந்தது. முத்திரை போனது, பகை போகவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அளுத்கமையில் தமிழ் பேசும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. இந்தியாவில் 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு, ஏற்றுமதிக்கு அல்லாத ஹலால் சான்றுப் பொருள்களைத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். சான்று கொடுப்பது யார், எவ்வளவு கட்டணம், அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பதில் தவறே இல்லை. கணக்கைத் திறந்து காட்டுவது சான்று கொடுப்பவரின் கடமை. ஆனால் தான் உண்பது எது என்று தெரிந்துகொள்ள ஒருவர் விரும்புவதைக் குற்றமாக்குவது அநியாயம்.

இவ்வளவும் தட்டுக்கு வந்த பொருளைப் பற்றியது. தட்டுக்கு அது எப்படி வந்தது என்பது இந்தச் சொல்லின் மறுபாதி. எனக்கு அதுதான் பெரிய பாதி.

முதல் கலீஃபாவான அபூபக்கரைப் பற்றி ஒரு செய்தி புகாரி தொகுத்த ஹதீஸ் (நபிமொழி) நூலில் இருக்கிறது. அவருடைய பணியாள் ஒரு நாள் உணவு கொண்டுவந்து கொடுத்தார். அபூபக்கர் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு பணியாள், இது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டார். இஸ்லாத்துக்கு வருவதற்கு முன்பு ஒருவருக்குக் குறி சொல்லியிருந்தாராம். குறி சொல்லத் தெரியாது, தெரிந்ததுபோல் ஏமாற்றியிருக்கிறார். அந்த ஆள் இப்போது எதிர்ப்பட்டு, அதற்குப் பதிலாகக் கொடுத்ததுதான் இந்த உணவு. அபூபக்கர் வாய்க்குள் விரலை விட்டு, வயிற்றில் இருந்தது அத்தனையையும் வாந்தியெடுத்தார். அந்த உணவில் பன்றியும் இல்லை, மதுவும் இல்லை. சமையலில் ஒரு குறையும் இல்லை. ஏமாற்றிச் சம்பாதித்த சோறு என்பது மட்டுமே குறை.

இன்னொரு ஹதீஸில் ஒரு பயணி வருகிறார். தலை கலைந்து, உடம்பெல்லாம் புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையேந்தி இறைவனை அழைக்கிறார். பார்த்தால் நமக்கே நெஞ்சு இளகும். ஆனால் அவர் தின்றது ஹராம், குடித்தது ஹராம், உடுத்தியிருப்பது ஹராம். அவருடைய வேண்டுதல் எப்படி ஏற்கப்படும் என்று நபிகள் நாயகம் கேட்டார்கள். கூலியாளின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடும்படி அவர்கள் சொன்னதும் இந்த வரிசையில் சேர்வதுதான். நம்மூர் முஸ்லிம் வீடுகளில் ‘ஹலாலான சம்பாத்தியம்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெண் கொடுக்க வருபவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி முதலில் விசாரிப்பதும் அதைத்தான்.

இந்தப் பொருளில் இந்தச் சொல் வடநாட்டில் வெகுதூரம் பரவியிருக்கிறது. தின்ற உப்புக்கு உண்மையாக இருப்பவர் ‘நமக் ஹலால்’. அந்தப் பெயரில் 1982-இல் வந்த அமிதாப் பச்சன் படம்தான் 1987-இல் ரஜினிகாந்த் நடித்த ‘வேலைக்காரன்’ ஆயிற்று. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதவன் என்று நாம் சொல்லும் அதே பண்புக்கு அங்கே அரபுச் சொல்லும் பாரசீகச் சொல்லும் சேர்ந்து ஒரு பெயர். தெருக் கூட்டிக் கழிவகற்றும் மக்களுக்கு ‘ஹலால்கோர்’, அதாவது நேர்மையாக உழைத்து உண்பவர், என்று அக்பர் பெயரிட்டதாக அபுல் ஃபஸலின் அயினி அக்பரி நூல் சொல்கிறது. மரியாதையான பெயர்தான். பெயர் கொடுத்த சமூகம் அவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. 1888-ஆம் ஆண்டுப் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தில் கழிவகற்றும் வேலைக்காக வீட்டுக்காரர்களிடம் வசூலித்த வரிக்கே ‘ஹலால்கோர் வரி’ என்று பெயர். வரி வாங்கிக் கஜானாவில் சேர்த்தார்கள். மலக்கூடையைச் சுமந்தவர் சுமந்துகொண்டேதான் இருந்தார். இன்றும் நம் நகரங்களில் துப்புரவுப் பணியாளர்கள் சம்பள பாக்கிக்காகத் தெருவில் உட்காரும் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த வரியின் பெயர் நினைவுக்கு வருகிறது.

இஸ்லாத்தின் எல்லைக்கு வெளியேயும் இந்தச் சொல் குடித்தனம் நடத்துகிறது. உஸ்மானியத் துருக்கியர் ஆண்ட கிரேக்க நாட்டில், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வீட்டில், பிள்ளைக்காகத் தாராளமாகச் செலவு செய்த தாய் ‘ஹலாலி சூ’ என்கிறாள். உனக்காகத்தானே, எனக்கு மனத்தாங்கல் இல்லை என்று பொருள். ஜார்ஜியாவில் ‘அலாலி’ என்றால் கள்ளமில்லாத மனிதர். ஆர்மீனியரும் நேர்மையாக வந்ததை ஹலால் என்றே சொல்கிறார்கள். ருமேனியாவில் மட்டும் எப்படியோ கெட்டுப்போய், நல்ல லட்சணம்தான் என்று பழிக்கும் சொல்லாகிவிட்டது. பேச்சில் ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரே வாசலில் வந்து நின்றால் நாம் ‘உனக்கு ஆயுசு நூறு’ என்போம். ஈரானியர் ‘ஹலால்ஸாதே’ என்பார்கள். எகிப்தியர் ‘இப்னு ஹலால்’ என்பார்கள். நல்லபடியாகப் பிறந்த பிள்ளை என்று இரண்டுக்கும் பொருள். வளைகுடாவில் ஆடு மேய்க்கவும் ஒட்டகம் மேய்க்கவும் போன நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரியும். அங்கே கிராமத்து அரபியர் தம் மந்தையையே ஹலால் என்றுதான் சொல்வார்கள். பழந்தமிழில் மாடு என்றால் செல்வம் என்பதை அறிந்த நமக்கு இது வியப்பாக இருக்காது.

அரபு மொழியில் இதன் வேர் முடிச்சை அவிழ்ப்பதைக் குறிக்கும். பயணம் முடிந்து ஒட்டகத்தின் சுமையை அவிழ்த்து இறங்கித் தங்குவதும் அதே வேர். இறங்கித் தங்கும் இடம் மஹல். நம் பள்ளிவாசல்களின் மஹல்லாவும், மதுரையில் நிற்கும் நாயக்கர் மகாலின் பெயரும் அங்கிருந்து கிளைத்தவைதாம். அந்த அவிழ்க்கும் பொருளைப் பிடித்துக்கொண்டால்தான் இனிச் சொல்லப் போவது விளங்கும்.

துருக்கியில் ஒரு சாவு. மசூதி முற்றத்தில் அதற்கென்றே போட்ட கல்மேடை இருக்கும். பச்சைத் துணி போர்த்திய பெட்டியை அதன்மேல் வைப்பார்கள். தொழுகையை ஒட்டி இமாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இறந்தவரை எப்படி அறிவீர்கள் என்று கேட்பார். நல்லவராக அறிவோம் என்று கூட்டம் சொல்லும். பிறகு, அவர்மேல் உங்களுக்குள்ள உரிமைகளை ஹலாலாக்குகிறீர்களா என்று கேட்பார். ‘ஹெலால் ஓல்சுன்’, ஆகட்டும், ஹலாலாகட்டும் என்று எல்லாரும் குரல் கொடுப்பார்கள். வழக்கமாக மூன்று முறை கேட்பார். கடன் கொடுத்துத் திரும்ப வராதவர், அவரிடம் பேச்சு வாங்கியவர், பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, எல்லாரும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்பார்கள். மூன்று முறை வாய்விட்டுச் சொன்ன பிறகே பெட்டி தோளில் ஏறும்.

உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்வதும் உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர், பட்டாளத்துக்குப் போகும் பையன், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் படுக்கப் போகும் தாய் வீடு வீடாகவோ தொலைபேசியிலோ ‘உங்கள் உரிமையை ஹலாலாக்குங்கள்’ என்று கேட்பார்கள். ஈரானிலும் பயணத்துக்கு முன் இதே வழக்கம். 2021 நவம்பரில் துருக்கியின் எதிர்க்கட்சித் தலைவர் கெமால் கிளிச்தாரோலு இந்தச் சொல்லை அரசியலுக்கே கொண்டுவந்தார். முக்காடு போட்டதற்காகப் படிப்பை இழந்த பெண்கள் உட்பட, பழைய காயம் பட்டவர்களோடெல்லாம் ஹலாலாக்கிக்கொள்ளும் பயணம் போகிறேன் என்று அறிவித்தார். தேர்தலில் அவர் வெல்லவில்லை. என்றாலும் ஒரு கட்சித் தலைவர் மக்களிடம் அப்படிக் கேட்டதே பெரிய செய்தி.

மலேசியாவில் இருக்கும் நம் வாசகர்களுக்கு இதன் மலாய் வடிவம் நன்றாகத் தெரிந்திருக்கும். விடுதியை விட்டுப் போகும் மாணவர், வேலையை விட்டு விலகும் ஊழியர், ‘ஹலால்கான் மக்கான் மினும்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். உங்கள் கையால் தின்றதையும் குடித்ததையும் எனக்கு ஹலாலாக்கிவிடுங்கள் என்பது பொருள். கேட்காமல் எடுத்துக் குடித்த காப்பி, திருப்பித் தராமல் மறந்துபோன ஐந்து ரிங்கிட், எல்லாம் அதில் அடக்கம். ஆசிரியரிடம் விடைபெறும்போது கற்ற கல்வியையும் அப்படியே ஹலாலாக்கச் சொல்லிக் கேட்பார்கள். தான் படித்த படிப்பே இன்னொருவர் மனமுவந்து கொடுத்தால்தான் தனக்கு ஆகும் என்று ஒரு மாணவர் நினைப்பது எவ்வளவு பெரிய பண்பு! இந்தோனேசியாவில் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அலுவலகம், தெரு, குடும்பம் என்று கூடி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் கூட்டத்துக்கு ‘ஹலால் பி ஹலால்’ என்று பெயர். கேட்டால் அரபு மாதிரி இருக்கும். அரபு நாட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. விடுதலை பெற்ற புதிதில் தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த 1948-இல், மூத்த ஆலிம் வஹாப் ஹஸ்புல்லா இந்தப் பெயரில் எல்லாரையும் ஒன்று கூட்டும்படி அதிபர் சுகர்ணோவுக்கு யோசனை சொன்னார் என்று அங்கே சொல்வார்கள்.

இதெல்லாம் அந்தந்த ஊர்க்காரர் பின்னால் சேர்த்துக்கொண்ட வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சகோதரனுக்கு மானத்திலோ பொருளிலோ அநியாயம் செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருவதற்கு முன் இன்றே அவனிடம் ஹலாலாக்கிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகமே சொல்லியிருக்கிறார்கள். ஓர் இறந்தவருக்குத் தொழவைக்க அழைத்தபோது, அவருக்குக் கடன் உண்டா என்று கேட்டு, உண்டு என்றதும் நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று அவர்கள் விலகி நின்றதும், அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூ கதாதா என்ற தோழர் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்ததும் ஹதீஸில் இருக்கிறது.

நம் ஊர் முஸ்லிம்களின் ஜனாஸாவுக்கு, அதாவது இறுதிச் சடங்குக்கு, போயிருப்பவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். தொழுகைக்கு வரிசை கட்டி நிற்கும்போது மூத்த மகன் முன்னால் வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவார். எங்கள் அத்தா யாருக்காவது பணம் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், யார் மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார். சில ஊர்களில் இமாமே அவர் சார்பில் சொல்வார். இரண்டே வாக்கியம். நான் நின்ற ஜனாஸாக்களில் அந்த நேரத்தில் தலை குனியாதவர் யாரையும் பார்த்ததில்லை. சாவுக்கு வந்த இந்து நண்பர்களும் அதைக் கேட்டுவிட்டு, நம் வீட்டுச் சாவிலும் இப்படி ஒன்று இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் தம்பி நிலத்தகராறில் பாதி அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

கோவை வாசகிக்கு இப்போது நான் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் சர்க்கரைப் பாக்கெட்டில் இருக்கும் முத்திரை, விலக்கப்பட்ட எலும்பின் கரியில் வடிகட்டியதல்ல என்ற உறுதியைத் தரும். அந்தக் கரும்பை வெட்டியவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா, கரும்பு கொடுத்த விவசாயிக்கு ஆலை பாக்கி வைத்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. சொல்ல வேண்டும் என்று மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் முஸ்லிம் சிந்தனையாளர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஹலாலோடு குர்ஆன் சேர்த்துச் சொன்ன ‘நல்லது’ என்பதில் தொழிலாளியின் கூலியும் ஆட்டின் வளர்ப்பும் மண்ணின் நலமும் அடங்கும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் வெல்ல வேண்டும் என்று முழு மனத்தோடு விரும்புகிறேன்.

நோன்புப் பெருநாள் தொழுகைக்குக் கிளம்பும் முன்பே, கட்டாயத் தானமான ஃபித்ரா அரிசி ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது விதி. தொழுகை முடிந்த பிறகு கொடுத்தால் அது வெறும் தர்மம், ஃபித்ரா ஆகாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் பிரியாணிச் சட்டியைத் திறக்க வேண்டும். முஸ்லிம் வாசகர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு முன்மாதச் சம்பளத்தில் பிடித்து வைத்தது ஏதேனும் இருந்தால் இந்த வாரம் கொடுத்துவிடுங்கள். தையல்காரருக்கும், பால்காரருக்கும், கொத்தனாருக்கும் சில்லறை இல்லை என்று தள்ளிப் போட்டது இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை, காத்தான்குடி, பினாங்கு என்று பல ஊர்களிலிருந்து நம் இதழைப் படிக்கிறீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் பாட்டிமார் பேச்சில் இந்தச் சொல் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று எழுதி அனுப்புங்கள். வருகிற இதழ்களில் வெளியிடுகிறோம். இந்தச் சிறப்பிதழில் எழுதியவர்கள், படம் வரைந்தவர்கள் எல்லாருக்கும் சன்மானம் பெருநாளுக்கு முன்பே அனுப்பப்படுகிறது. பழைய இதழ் எதற்காவது உங்களுக்குச் சன்மானம் வந்து சேரவில்லை என்றால் தயங்க வேண்டாம். இதழின் மாதத்தையும் படைப்பின் தலைப்பையும் குறிப்பிட்டு என் பெயருக்கே ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்